ஹாரன் அடிக்காத மதாம்

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைச் சத்தமில்லாமல் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கீல் துருப்பிடித்துத் தொங்கிப்போன கேட் அது. நாங்கள் திறந்தால் தெருமுனை வரை கிறீச்சிடும். அவர் இடது கையால் அதைச் சற்றே தூக்கிப் பிடித்து, வலது கையால் மெல்லத் தள்ளி உள்ளே வருவார். அதேபோல் தூக்கிப் பிடித்தே மூடுவார். அடுப்படியிலிருந்து திரும்பிய அம்மா, தன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதைக் கண்டு பலமுறை அலறியிருக்கிறாள்.

"பர்தோன், பர்தோன்" என்று அவர் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக் கைகளைக் கூப்புவார். "தொந்தரவு பண்ணக் கூடாதேன்னுதான் மெதுவா வந்தேன்."

"நீங்க மெதுவா வர்றதுலதான் எனக்கு உசிரு போவுது" என்பாள் அம்மா.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் அவர் வீடு இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த கணவரோடு இளவயதில் கடல் கடந்து போய், அங்கே முதியோர் விடுதி ஒன்றில் பணிப்பெண்ணாக வேலை பார்த்து, கணவர் இறந்தபின் தம் அப்பா விட்டுச்சென்ற வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தவர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. தெரு அவரை 'மதாம்' என்று அழைத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன வெள்ளக்காரியா? மணிலாக்கொட்ட ஆய்ஞ்ச கை இது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். நான் மட்டும் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

அவருடைய ஒலியற்ற வாழ்க்கையைப் பற்றி எங்கள் தெருவில் நிறையக் கதைகள் உண்டு. நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டிவைத்திருந்தார். தொலைக்காட்சியை உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தணித்து வைத்திருப்பார். நடுவழியில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு போகும்போதும் அதனிடம் 'பர்தோன்' சொல்வார். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா தெருமுனையிலேயே குரலெடுக்கத் தொடங்கிவிடுவார். ஒருநாள் அவரிடம், "பக்கத்து வீட்டுல குழந்த தூங்குது, கொஞ்சம் மெதுவாக் கூவக் கூடாதா?" என்று அக்கா கேட்டுவிட்டார்.

"மெதுவாக் கூவுனா வூட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும் மதாம், சங்கரா வந்திருக்குதுன்னு? சங்கராவே எந்திரிச்சி வந்து கதவத் தட்டுமா?"

தெரு சிரித்தது. அக்காவும் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு.

அவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்ட முடியாது. சிறிது தூரம் நடந்தாலே முகம் வெளிறிவிடும். ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தால் அவரை எழுப்ப மாட்டார். அவராக எழும்வரை ஸ்டாண்டு ஓரத்தில் நிற்பார். யாரையும் கேட்காமல், யாரையும் எழுப்பாமல், தன் காரியங்களுக்குத் தானே போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மார்க்கெட், மாதா கோயில், மாதமொருமுறை மருத்துவமனை. அவ்வளவுதான் அவருடைய உலகம். அந்த உலகத்துக்கு ஒரு வாகனம் அவர் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்தது.

அவருடைய அப்பா ஒரு பிரெஞ்சுத் துரையிடம் டிரைவராக இருந்தவர். ஊருக்குள் சுற்றுவதற்கென்று அந்தத் துரை ஒரு சின்னஞ்சிறு மின்சாரக் காரைத் தம் நாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். ஊரைவிட்டுப் போகும்போது அதை டிரைவருக்கே கொடுத்துவிட்டார். இரண்டு பேர் தோள் உரச உட்காரலாம். ஃபைபர் உடம்பு, ஒற்றை வைப்பர், சாப்பாட்டுத் தட்டளவு சக்கரங்கள். பாதி உரித்த அவித்த முட்டையைப்போல் இருக்கும். பேட்டரிகள் செத்தபின் கொல்லைக் கொட்டகைக்குப் போன அந்த வண்டியில், அக்கா திரும்பி வந்தபோது கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. "முட்ட போட வந்த கோழி முட்டைக்குள்ளயே குந்திக்கிச்சி" என்றார் என் அப்பா. அக்கா குஞ்சுகள் பொரிந்து வெளியேறும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார்.

எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாரம் தூக்கும் பேட்டரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தார். வாய் ஓயாத மனிதர் அவர். இருவரும் அந்த மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து வண்டிக்கு உயிர் கொடுத்தார்கள். ஆட்டோவின் சக்கரங்கள் அளவெடுத்ததுபோல் பொருந்தின. கயிற்றால் இழுபட்ட பழைய பிரேக்கை எடுத்துவிட்டு எண்ணெய் பிரேக் வைத்தார்கள். இன்வெர்ட்டருக்குப் போடும் பேட்டரிகளைச் சீட்டுக்கடியில் வரிசையாக அடுக்கினார்கள். மோட்டாரை மட்டும் பிரித்துத் துடைத்து, தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றி, அப்படியே வைத்துக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் எத்தனை முறை போய் நின்று அதன் பழைய பதிவைப் புதுப்பித்தாரோ, அது அவருடைய பொறுமைக்கு மட்டுமே தெரியும்.

முதல் நாள் வண்டி தெருவுக்கு வந்தபோது எல்லாரும் வெளியே வந்து பார்த்தோம். மெக்கானிக் முன்னால் ஓடிக்கொண்டே, "ஓரம் போ, ஓரம் போ, ஃப்ரான்ஸ் வண்டி வருது!" என்று கத்தினார். அக்கா உள்ளே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மோட்டாருக்கு மின்சாரத்தைப் படிப்படியாகத் திறந்துவிட அந்த வண்டியில் ஒரு பழைய ரிலே பெட்டி இருந்தது. பெடலை அழுத்த அழுத்த அது 'டக்... டக்... டக்' என்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு 'டக்'குக்கும் வண்டி ஒருமுறை குலுங்கி முன்னால் பாயும். அதோடு பல்சக்கரங்களின் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். மறுநாளே தெரு அதற்குப் பெயர் வைத்துவிட்டது: தையல் மிஷின்.

"மதாம், ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்ளோ துணி கொண்டாரணும்?"

"கரண்டு போனா உங்க வண்டிய வெச்சி எங்க வூட்டு ஃபேன ஓட்டலாமா மதாம்?"

கேலிகளில் நஞ்சு இல்லை. ஆனால் அக்காவின் காதில் அவை புகார்களாக விழுந்தன. தன்னால் தெருவுக்குத் தொந்தரவு என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னர் மூடப்பட்டுவிட்ட ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கண்ணில் நீரழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, அந்த ஆண்டுகளில் வெளிச்சம், நிழல் என்ற அளவில்தான் மிஞ்சியிருந்தது. ஆயினும் ஒவ்வொரு காலையும் தெருவைக் கடந்து முனையிலிருக்கும் டீக்கடைக்குத் தனியாகப் போவார். அங்கே யாராவது ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். அப்பா செய்திக்குச் செய்தி சண்டை போடுவார். துணைக்கு வருகிறேன் என்றால் கோபம் வரும். "கையப் புடிச்சிக் கூட்டினு போனா, டீ குடிக்கப் போன மாதிரி இருக்காது, ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி இருக்கும்." சாலையோரம் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, இரண்டு பக்கமும் கேட்பார். பால் வண்டி, பள்ளிக்கூட வேன், ஆட்டோ எல்லாம் அவருக்குக் காதாலேயே அத்துப்படி. அக்காவின் வண்டி வந்ததும் அந்தப் பட்டியலில் மகிழ்ச்சியோடு அதைச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குள் இருந்தபடியே, "தையல் மிஷின் கெளம்பிடுச்சி, மணி எட்டு" என்பார்.

தினமும் ஓட்டுவதற்கு அந்த வண்டி அப்போது உகந்ததாக இல்லை என்பதும் உண்மையே. குலுங்கிப் பாய்வதால் அவருடைய இடுப்பு வலித்தது; பேட்டரியும் விரைவில் தீர்ந்தது. ஆகவே மெக்கானிக் ரிலே பெட்டியைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை நூலிழைபோல் சீராக விடும் ஒரு மின்னணுப் பெட்டியைப் பொருத்தினார். பல்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் வந்தது. "இப்ப பூன மாதிரி போவும் மதாம். பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது!" என்று பெருமையோடு சொன்னார். அக்காவின் முகத்தில் அன்று கண்ட நிம்மதியை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

நான் அப்போது சமூகப்பணி படித்து முடித்து, நகரத்தில் ஒரு சிறு தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புகையற்ற, ஓசையற்ற வாகனம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கனவு. அந்த வண்டியில் அவரோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போன ஒரு காலையை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. ஆனால் முன்னால் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டு சாலை நடுவில் போய்க்கொண்டிருந்தார். அக்கா அவருடைய நடைக்குச் சமமாக வண்டியை மெல்ல உருட்டினார். அவர் நின்றால் வண்டியும் நின்றது. அவர் மைத்துனர் வீட்டுச் சண்டை முழுவதையும் நாங்கள் கேட்டு முடித்தோம்.

"ஹாரன் அடிங்கக்கா" என்றேன்.

"பேசி முடிச்சிடட்டும், பாவம்."

"ஹாரன் வேலை செய்யுதா?"

"மெக்கானிக் வெச்சிருக்காரு. அடிச்சிப் பாத்ததில்ல."

அப்போதுதான் அவர் அந்த முதியோர் விடுதியைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார். கண்கள் சாலையில் இருந்தன. "ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு மணி இருக்கும் பாப்பா. எதுனா வேணும்னா அமுக்குவாங்க. தண்ணி வேணும், தலகாணி சரியில்ல, சும்மா பயமா இருக்குது. அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. நாங்க அவங்க முன்னால சிரிப்போம். வெளிய வந்து எப்படித் திட்டுவோம் தெரியுமா? அதுலயும் அதிகமா மணி அடிக்கற கெழவிக்குக் கடைசியாத்தான் போவோம். அப்பவே மனசுல வெச்சிக்கிட்டேன், என் காலத்துல நான் அந்த மணிய அடிக்கவே கூடாது."

வெட்கமும் உறுதியும் கலந்த குரல் அது. நான் நெகிழ்ந்துபோனேன், கூடவே ஏதோ ஒன்று உறுத்தியது. ஒருவர் பிறருக்குத் தொந்தரவாக இருக்க அஞ்சுவதும், பிறரால் திட்டப்பட அஞ்சுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. அவரிடம் எது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா அவரை எச்சரித்திருந்தார். "மதாம், உன் வண்டி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. மொனையில திரும்பும்போது ஒரு ஹாரன் அடிச்சிடும்மா." அக்கா, "கண்டிப்பா" என்றார். அந்தச் சொல்லை அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாளும் வண்டி ஓசையின்றியே முனை திரும்பியது. வேகத்தை மட்டும் இன்னும் குறைத்துக்கொண்டிருந்தார். சத்தத்துக்குப் பதிலாக நிதானத்தைக் கொடுத்தால் போதும் என்று எண்ணினார் போலும்.

அது நிகழ்ந்த காலையில் நான் வீட்டுக்குள் இருந்தேன். டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அப்பா வழக்கம்போல் சாலையோரம் நின்று, தலை சாய்த்து, இரு பக்கமும் கேட்டிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. காலை எடுத்து வைத்திருக்கிறார். அதே நேரத்தில் அக்காவின் வண்டி முனை திரும்பியிருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடித்தது, வண்டி நின்றுவிட்டது. நிற்பதற்கு முந்தைய நொடியில் அதன் முன்மூலை அப்பாவின் தொடையில் இடித்தது. அவர் சாக்கடைத் தடுப்புக் கல்லின்மேல் பக்கவாட்டில் விழுந்தார்.

"வண்டியும் சத்தம் போடல, அந்தம்மாவும் கத்தல" என்றார் டீக்கடைக்காரர். "ஐயா வுழுந்த சத்தம் கேட்டுத்தான் நாங்க திரும்புனோம்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, கம்பி வைத்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். யாராவது கடக்கும்போதெல்லாம் தன்னை இன்னும் ஒடுக்கிக்கொண்டார். போலீஸில் சொல்ல வேண்டாம் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வீடு திரும்பிய அப்பாவால் நான்கு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கூடம் வரை நடக்க முடிந்தது. அதற்குமேல் முடியவில்லை. டீக்கடை இப்போது வேறொரு ஊர்.

அக்கா வீட்டுக்குள் வரவில்லை. காலையில் கேட்டில் ஒரு துணிப்பை தொங்கும். சூடான ஆட்டுக்கால் சூப், ஆரஞ்சுப் பழங்கள், மெத்தென்ற ரொட்டி. எப்போது வந்து மாட்டினார் என்று தெரியாது, கேட் கிறீச்சிட்டதில்லை. அம்மாவுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

"திருடி மாதிரி வெச்சிட்டுப் போறா. உள்ள வந்து மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சிடுமா? அவளுக்கு என்ன, யாருக்கும் தொந்தரவு குடுக்காத மகராசி! இங்க ஒருத்தர் மூத்தரத்துக்கு எந்திரிக்க ரெண்டு பேரு வேணும்."

நான் அக்காவைப் பார்க்கப் போனேன். வண்டி தார்ப்பாயின் கீழ் இருந்தது. கடைக்கு நடந்தே போய்வந்ததில் அவருடைய இடுப்பு மோசமாகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். இரண்டு பேருடைய நடமாட்டமும் அந்த ஒரு நொடியில் முடிந்துபோயிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வீட்டுக்கு வாங்கக்கா."

"என்னப் பாத்தா அவருக்குப் படபடப்பு வரும். வேணாம் பாப்பா. தொந்தரவு."

அப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன். தலையைச் சாய்த்துத் தெருப்பக்கம் காதுகொடுத்தார். பிறகு, "வண்டியிலயே வரச் சொல்லு. பழைய சத்தத்தோட வரச் சொல்லு" என்றார்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டாராம். "சரி பண்ணி வெச்சதக் கெடுக்கச் சொல்றீங்களே மதாம்!" ஆனாலும் தேடி எடுத்துக் கொண்டுவந்தார். பழைய ரிலே பெட்டிக்கு வண்டியில் இப்போது எந்த வேலையும் இல்லை. மோட்டாரை ஓட்டுவது மின்னணுப் பெட்டிதான். ரிலே, பெடலை அழுத்தும்போது வெறுமனே அடித்துக்கொள்ளும்படி மாட்டப்பட்டது. வாழ்நாளெல்லாம் சத்தத்தை அழித்துவந்த ஒருவர், சத்தம் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஓர் இரும்புப் பெட்டியைத் தம் வண்டியில் சுமக்கத் தொடங்கினார்.

ஒரு காலையில் 'டக்... டக்' என்ற ஒலி எதிர்வரிசையிலிருந்து புறப்பட்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா கட்டிலில் நிமிர்ந்தார்.

"வந்துட்டா."

நான் கதவை நோக்கிப் போனேன். "இரு" என்றார் அப்பா. "ஹாரன் அடிக்கட்டும். அடிக்காமக் கதவத் தொறக்காத."

ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா இரு கைகளையும் ஸ்டியரிங்கின்மேல் வைத்துக்கொண்டு, எங்கள் கதவையே பார்த்தபடி இருந்தார். ஹாரன் பித்தான் அவருடைய கட்டைவிரலுக்கு அருகில்தான் இருந்திருக்கும். அவருக்கு அப்பாவின் நிபந்தனை தெரியாது. யாராவது தன்னைப் பார்த்துவிட்டுத் தானாகவே வரட்டும் என்று காத்திருந்தார், ஆட்டோ ஸ்டாண்டில் காத்திருப்பதைப்போல. மீன்காரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்லத் திரும்பித் தன் வீட்டுக்குப் போயிற்று.

மறுநாளும் வந்தது. மறுநாளும் திரும்பிப் போயிற்று.

"எதுக்குப்பா இந்தச் சோதனை? அவங்களும் வலியோடதான் இருக்காங்க" என்றேன். அது கொடுமை என்றே எனக்குத் தோன்றியது.

"அவ வலி எனக்குத் தெரியும் பாப்பா. என்கிட்ட அவ ஒண்ணு கேக்கணும். கேக்கற வரைக்கும் எப்படிக் குடுக்கறது?"

அதற்கடுத்த காலையில் மீன்காரம்மா வண்டியருகே கூடையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "இன்னா மதாம், தெனமும் வந்து குந்திக்கினு போற? உள்ள இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் வேணா கூவட்டுமா, மதாம் வந்திருக்குதுன்னு?"

அப்போதுதான் அது ஒலித்தது. அதை ஹாரன் என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் பயன்படாமல் தூசி அடைத்துப்போன அந்தக் கருவி, தொண்டை கட்டிய தவளையைப்போல் ஒருமுறை கம்மியது. பிறகு, அவர் கையை எடுக்க மறந்துவிட்டார் போலும், தெளிந்து, நீண்டு, தெரு முழுவதும் அலறியது. மீன்காரம்மாகூடக் காதைப் பொத்திக்கொண்டார்.

என்னை முந்திக்கொண்டு அம்மா போய்க் கதவைத் திறந்தாள். விலகி நின்றாள்.

அக்கா கட்டிலருகே வந்து நின்றார். உட்காரவில்லை. நிழலாடிய பக்கம் முகத்தைத் திருப்பி அப்பாவே முதலில் பேசினார்.

"அன்னிக்கி என்னப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

"கை ஹாரன்மேலதான் இருந்துச்சி. திடீர்னு அடிச்சா... நீங்க பயந்துடுவீங்கன்னு."

அப்பா தலையாட்டினார். கோபமில்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவரைப்போலச் சொன்னார்: "பயந்திருப்பேன். பயந்து நின்னிருப்பேன்."

அக்கா அழுதார். நாங்கள் அறிந்து முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார். அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மாவின் முகம் இளகவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர் அந்த வண்டியை ஓட்டினார். டீக்கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்று அப்பாவை எத்தனையோ முறை அழைத்தார். "நடந்து போன எடத்துக்கு நான் ஏறிப் போவ மாட்டேன்" என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த மறுப்பை அக்கா கடைசிவரை சுமந்தார். முனைக்கு முனை ஹாரன் அடித்தார். முன்பு தையல் மிஷின் என்று சிரித்த அதே தெரு, "மதாம் தொல்ல தாங்கலப்பா, காலங்காத்தால" என்று இப்போது உண்மையாகவே சலித்துக்கொண்டது. ஒவ்வொரு சலிப்பும் அவரைக் காயப்படுத்தியது என்பது எனக்குத் தெரியும். காயப்பட்ட முகத்தோடு அடுத்த முனையிலும் அடிப்பார்.

அப்பா அந்தத் தெருவில் மறுபடி தனியாக நடக்கவேயில்லை. காலை வேளைகளில் வாசலுக்கு உள்ளே, நாற்காலியில், கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார். தூரத்தில் முதலில் 'டக்... டக்' கேட்கும். பிறகு முனையில் அந்த ஹாரன் எழும். அதைக் கேட்டதும், சாலையின் நடுவில் நிற்பவரைப்போல, அப்பா தம் இரண்டு கால்களையும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வார்.